லத்தீனோ உறுப்பினர்களின் வாக்கும் நன்கொடையாளர்களின் செல்வாக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டியுள்ள 28ஆவது காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்வதற்கான இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு 2022ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி நடைபெற்றது. சுமார் 45 ஆயிரம் பேர் வாக்களித்த அத்தேர்தலில், வாக்குகள் மீள எண்ணப்பட்ட பின்னர், வெற்றியைத் தீர்மானித்தவை 289 வாக்குகள் மாத்திரமே. போட்டியிட்ட ஹென்றி குவேயார், ஜெசிக்கா சிஸ்னெரோஸ் ஆகிய இருவருமே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இருவருமே லரேடோ நகரைச் சேர்ந்தவர்கள். இருவருமே சட்டம் பயின்றவர்கள். ஆயினும், கருக்கலைப்பு உரிமை என்ற ஒரு விடயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நின்றனர். அந்த உரிமையை எதிர்த்து வந்த குவேயாரே வெற்றி பெற்றார்.

கருக்கலைப்பு சரியா, தவறா என்ற வினாவுக்கு விடை கூறுவது இங்கு எமது நோக்கமன்று. அது ஒவ்வொருவரதும் சமயத்தோடும் மனச்சாட்சியோடும் பிணைந்த விடயமாகும். ஆனால், ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பிரதிநிதி சட்டவாக்க சபையில் அளிக்கும் வாக்கு உண்மையில் யாருடைய விருப்பத்தைப் பிரதிபலிக்கின்றது என்ற வினா, எங்கு வாழும் சிறுபான்மை மக்களும் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

லத்தீனோ எனப்படும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இன்று ஐக்கிய அமெரிக்காவின் சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராவர். இவர்கள் கத்தோலிக்கர்கள், ஆகவே கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் என்ற எண்ணம் அந்நாட்டின் அரசியல் அவதானிகளிடையே நீண்டகாலமாக நிலவி வந்துள்ளது. இந்த எண்ணத்தை அண்மைக்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பியூ ஆய்வு நிலையத்தின் கணிப்பின்படி, 2010இல் லத்தீனோ வயதுவந்தோரில் 67 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் 2022இல் 43 சதவீதமாகக் குறைந்திருந்தனர். அதே நிலையம் 2022இல் நடத்திய கருத்துக்கணிப்பில், எல்லா அல்லது பெரும்பாலான சந்தர்ப்பங்களிலும் கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருக்க வேண்டுமென லத்தீனோக்களில் 57 சதவீதமானோர் தெரிவித்திருந்தனர். புலம்பெயர்ந்து வந்தோரிடமும் மூத்தோரிடமும் எதிர்ப்பு கூடுதலாக உள்ளது என்பது உண்மையே. எனினும், அச்சமூகம் ஒரே குரலில் பேசுகின்றது என எவரும் கூறிவிட முடியாது.

இந்த விவகாரத்தில் முதலில் பாதிக்கப்பட்டோரும் அச்சமூகத்துப் பெண்களே. 1973ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி 'ரோ எதிர் வேட்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்றுக் கொண்டது. அவ்வழக்கும் டெக்சாஸில் தோன்றியதே. மூன்று ஆண்டுகளின் பின்னர், வறியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி நிதியைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்யும் 'ஹைட் திருத்தம்' காங்கிரஸில் நிறைவேறியது. அத்தடை நடைமுறைக்கு வந்த 1977இலேயே, டெக்சாஸின் மக்கலன் நகரில், ஐந்து வயது மகளுடன் தனித்து வாழ்ந்து கல்லூரியில் பயின்று வந்த 27 வயது லத்தீனோ பெண் ஒருவர், மலிவான சட்டவிரோதக் கருக்கலைப்பை நாடியதன் விளைவாக உயிரிழந்தார். உரிமை ஏட்டில் இருந்தது. அதனைப் பயன்படுத்துவதற்கான பணம் அவரிடம் இருக்கவில்லை.

அதே மாநிலத்தின் செனட் சபையில் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிகழ்ந்தவை லத்தீனோ பிரதிநிதிகளிடையே நிலவும் பிளவை வெளிப்படையாகக் காட்டின. கருக்கலைப்பு நிலையங்களுக்குக் கடும் நிபந்தனைகளை விதிக்கும் சட்டமூலத்தைத் தடுக்க உறுப்பினர் வெண்டி டேவிஸ் மணித்தியாலக் கணக்கில் நின்று உரையாற்றினார். தந்தையின் இறுதிச் சடங்கிலிருந்து நேராகச் சபைக்கு வந்த சான் அன்டோனியோ உறுப்பினர் லெட்டீசியா வான் டி புட்டே, பெண் உறுப்பினரின் குரல் சபையில் செவிமடுக்கப்படாமை குறித்துத் தலைமையை நோக்கி வினா எழுப்பினார். பார்வையாளர் மாடத்தில் எழுந்த ஆரவாரத்தினால் நள்ளிரவுக்குள் வாக்கெடுப்பைப் பூர்த்தி செய்ய இயலவில்லை. மறு மாதம் கூட்டப்பட்ட மற்றொரு விசேட அமர்வில் அச்சட்டமூலம் நிறைவேறியது. அதற்கு ஆதரவளித்த ஒரேயொரு ஜனநாயகக் கட்சி செனட்டர், பிரவுன்ஸ்வில் நகரைச் சேர்ந்த எடி லூசியோ என்ற மற்றொரு லத்தீனோ உறுப்பினரே.

அச்சட்டத்தின் விளைவு எல்லைப்புற மக்களை நேரடியாகத் தாக்கியது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இயங்கிய ஒரேயொரு கருக்கலைப்பு நிலையம் 2014இல் பல மாதங்கள் மூடப்பட்டிருந்தது. அடுத்த நிலையம் ஏறத்தாழ 380 கிலோமீற்றர் தொலைவில் சான் அன்டோனியோவில் இருந்தது. அங்கு செல்லும் வழியில் பல்பூரியஸ் என்னுமிடத்தில் எல்லைக் காவற்படையின் சோதனைச்சாவடி உள்ளது. குடியேற்ற ஆவணங்கள் அற்ற பெண் ஒருவர் அதனைக் கடந்து செல்வதென்பது நாடு கடத்தப்படும் அபாயத்தை ஏற்பதற்கு ஒப்பானதாகும். 2016இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகளைச் செல்லுபடியற்றதாக்கியது.

எனினும், 2021இல் டெக்சாஸ் மேலும் கடுமையான சட்டமொன்றை இயற்றியது. கருவில் இதயத்துடிப்பு உணரப்படும் நிலையை, அதாவது சுமார் ஆறு வாரங்களைக் கடந்த பின்னர் கருக்கலைப்புக்கு உதவுவோருக்கு எதிராக எவரும் குறைந்தது 10 ஆயிரம் டொலர் கோரி வழக்குத் தொடர அச்சட்டம் இடமளித்தது. செனட் சபையில் லூசியோவும் மாநிலப் பிரதிநிதிகள் சபையில் ரயன் கியேனும் மாத்திரமே ஜனநாயகக் கட்சியிலிருந்து அதனை ஆதரித்தனர். கியேன் அதே ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். லூசியோவின் நிலைப்பாடு அவரது கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து பிறந்தது என்பதை அவரது எதிராளிகளும் மறுப்பதில்லை. மூன்று தசாப்தங்களாக அவர் அதில் மாறாது நின்றார். நம்பிக்கையினால் அளிக்கப்படும் வாக்கை மக்கள் எதிர்க்கலாம். ஆனால் அதன் காரணத்தை அவர்கள் அறிவர்.

நன்கொடையாளர்களின் செல்வாக்கு அவ்வாறு வெளிப்படையானதன்று. அதனை விளங்கிக் கொள்ள அந்நாட்டின் தேர்தல் நிதி விதிகளைச் சற்று நோக்க வேண்டும். வேட்பாளருக்கு நேரடியாக வழங்கப்படும் பணத்துக்கு வரம்பு உண்டு. 2022ஆம் ஆண்டுக் காங்கிரஸ் தேர்தல்களின்போது தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 2,900 டொலரை மாத்திரமே வழங்கலாம். ஆனால், செலவிடுவது வேறு, வழங்குவது வேறு என 1976ஆம் ஆண்டு 'பக்லி எதிர் வலேயோ' தீர்ப்பு பிரித்துக் காட்டியது. 2010இல் வெளியான 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' தீர்ப்பு, கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் சுயாதீனமாகச் செலவிடுவதற்கு இருந்த தடையை நீக்கியது. அதனைத் தொடர்ந்து 'சுப்பர் பெக்' எனப்படும் அமைப்புகள் தோன்றின. வேட்பாளருடன் கலந்தாலோசிக்காத வரை, இவை எவ்வளவு பணத்தையும் திரட்டலாம், எவ்வளவையும் செலவிடலாம். டெக்சாஸ் மாநில சபைத் தேர்தல்களிலோ தனிநபர் நன்கொடைக்கும் வரம்பு கிடையாது.

குவேயாரின் தொகுதியில் இவ்விதிகள் எவ்வாறு செயற்பட்டன என்பதைக் காண்போம். 2005 முதல் காங்கிரஸ் உறுப்பினராக உள்ள அவர், ஜனநாயகக் கட்சியினருள் எண்ணெய், எரிவாயுத் துறையினரிடமிருந்து அதிக நன்கொடை பெற்று வந்தோருள் ஒருவர். 2020ஆம் ஆண்டு வேட்பாளர் தெரிவில் சிஸ்னெரோஸ் முதன்முறையாக அவரை எதிர்த்தபோது, கோக் குடும்பத்தின் நிதியுதவியுடன் வளர்ந்த பழைமைவாத வலையமைப்பின் அரசியற் பிரிவும் அமெரிக்க வர்த்தக சம்மேளனமும் அவருக்கு ஆதரவாகக் களமிறங்கின. குவேயார் நான்கு புள்ளிகளுக்கும் குறைந்த வித்தியாசத்தில் தப்பினார்.

2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கும் பெண்கள் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 218க்கு 211 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதனை எதிர்த்த ஒரேயொரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர் குவேயார். 2022 மே மாத ஆரம்பத்தில், 'ரோ' தீர்ப்பை நீக்கும் உச்ச நீதிமன்ற வரைபு கசிந்து நாடே கொந்தளித்த வேளையில், இரண்டாம் சுற்று வாக்கெடுப்புக்கு மூன்று வாரங்களே இருந்தன. அப்போது இஸ்ரேல் ஆதரவு அமைப்பான 'ஐபெக்'கின் சுப்பர் பெக், சுமார் 18 இலட்சம் டொலரைக் குவேயாருக்குச் சாதகமாகச் செலவிட்டது. இவ்வமைப்பின் விளம்பரங்கள் இஸ்ரேலைப் பற்றிப் பேசுவது அரிது. கருக்கலைப்பு அதன் நோக்கங்களிலேயே இல்லை. எண்ணெய்த் துறையினரும் வர்த்தகத் துறையினரும் அப்படியே. அவர்கள் தத்தமது நலனுக்காகவே குவேயாரைப் பாதுகாத்தனர். ஆனால் அவரோடு சேர்த்து, கருக்கலைப்புக்கு எதிரான அவரது வாக்கும் பாதுகாக்கப்பட்டது. இங்கேயே விடயத்தின் சாரம் உள்ளது எனலாம்.

கட்சித் தலைமையின் போக்கும் இதற்குத் துணை நின்றது. கருக்கலைப்பு உரிமைக்காகக் குரல் கொடுத்து வந்த அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசியும், ஜேம்ஸ் கிளைபேர்னும் பதவியிலிருக்கும் உறுப்பினர் என்ற வகையில் குவேயாருக்காகவே பிரசாரம் செய்தனர். வாக்கெடுப்பு முடிந்து ஒரு மாதத்தில், ஜூன் 24ஆம் திகதி, 'ரோ' தீர்ப்பு நீக்கப்பட்டது. ஜூலையில் அதே சட்டமூலம் மீண்டும் சபைக்கு வந்தபோது, குவேயார் மீண்டும் தனித்து எதிர்த்தார்.

மறுபக்கத்தையும் நாம் கூறாமல் விட முடியாது. சிஸ்னெரோஸும் வெறுங்கையுடன் நிற்கவில்லை. கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் பெண் வேட்பாளர்களுக்கு நிதி திரட்டுவதற்கென 1985இல் தொடங்கப்பட்ட 'எமிலிஸ் லிஸ்ட்' போன்ற தேசிய அமைப்புகள் அவருக்குப் பெருந்தொகை செலவிட்டன. அப்பணமும் லரேடோவில் திரட்டப்பட்டதன்று. அத்துடன், பழைமைவாதப் போக்குள்ள எல்லைப்புறத்தில் குவேயார் போன்ற ஒருவரே அத்தொகுதியைக் கட்சிக்குக் காப்பாற்ற முடியும் என்ற வாதத்தையும் புறந்தள்ளிவிட இயலாது. 2024இல் டொனால்ட் ட்ரம்ப் அத்தொகுதியில் முன்னணி பெற்றபோதும், குவேயார் ஐந்து புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்.

அசர்பைஜான் அரசுக்குச் சொந்தமான எண்ணெய்க் கம்பனியொன்றிடமிருந்தும் மெக்சிக்கோ வங்கியொன்றிடமிருந்தும் சுமார் 6 இலட்சம் டொலர் இலஞ்சம் பெற்றதாக 2024 மே மாதத்தில் அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டதும், அதனை அவர் மறுத்ததும், விசாரணைக்கு முன்னரே 2025 டிசெம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கியதும் வேறொரு கதையாகும். இலஞ்சத்தையும் நன்கொடையையும் நாம் ஒன்றாகக் கருதவில்லை. ஆனால், சட்டம் தடை செய்யும் பணத்தைப் பற்றியே ஊடகங்கள் அதிகம் பேசுகின்றன என்பதும், சட்டம் அனுமதிக்கும் பணம் நாள்தோறும் ஆற்றும் காரியம் கவனிக்கப்படாமலே போகின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வாக்காளரிடம் நேரடியாகக் கேட்கப்படும்போது விடை வேறாக அமைவதையும் காண்கிறோம். லத்தீனோக்கள் பெருமளவில் வாழும் அரிசோனாவில் 2024 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்ப்பதற்குச் சுமார் 61 சதவீதமானோர் வாக்களித்தனர். புளோரிடாவில் 57 சதவீதமானோர் ஆதரித்தும், தேவையான 60 சதவீதம் கிட்டாமையால் அம்முயற்சி தோற்றது. நெவாடாவில், செனட் சபைக்குத் தெரிவான முதலாவது லத்தீனோ பெண்ணான கத்தரின் கோர்ட்டேஸ் மாஸ்டோ, 2022இல் கருக்கலைப்பு உரிமையையே முன்னிறுத்தி 8 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் தமது ஆசனத்தைத் தக்க வைத்தார். டெக்சாஸிலோ குடிமக்கள் கையொப்பம் திரட்டி மாநிலம் தழுவிய வாக்கெடுப்பொன்றைக் கோரும் வழியே இல்லை. அங்கு மக்களுக்கு எஞ்சியிருப்பது பிரதிநிதி மாத்திரமே.

நன்கொடையாளர் ஒவ்வொரு வாக்கையும் விலைக்கு வாங்குகின்றார் எனக் கூறுவது மிகையானது. அவர் தீர்மானிப்பது, சபைக்குள் செல்வது யார் என்பதையே. ஒருவரைச் சபைக்குள் அனுப்பிய பின்னர், அவர் எல்லா விடயங்களிலும் வாக்களிக்கின்றார்; நன்கொடையாளர் ஒருபோதும் நினைத்துப் பார்த்திராத விடயங்களிலும் வாக்களிக்கின்றார். ஆதலால், தமது இனத்தவர், தமது மொழி பேசுபவர், தமது ஊரவர் என்ற அடையாளத்தோடு மக்கள் திருப்தியடைந்து விடலாகாது. அவரது பிரசாரத்துக்குப் பணம் வழங்கியோர் யார், அவர்கள் எதனை எதிர்பார்த்து வழங்கினர் என்பதை வாக்களிப்பதற்கு முன்னரே வினவ வேண்டும்.

இன்று டெக்சாஸில் தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற மருத்துவ அவசர நிலைகள் தவிர்ந்த ஏனைய சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பு தண்டனைக்குரிய குற்றமாகும். வசதி படைத்தோர் வேறு மாநிலங்களுக்குப் பயணிக்கின்றனர். மெக்சிக்கோ எல்லைக்கும் உள்நாட்டுச் சோதனைச்சாவடிக்கும் இடையில் வாழும் ஆவணமற்ற ஏழைப் பெண்ணுக்கு அவ்வழி இல்லை. அவரால் வாக்களிக்க முடியாது. நன்கொடை வழங்கவும் முடியாது. கருக்கலைப்பை ஆதரிப்போராயினும் எதிர்ப்போராயினும், அவரைப் பற்றித் தீர்மானிக்கும் சபையில் அவருக்காகப் பேசுவதற்கு எவரும் பணம் செலவிடுவதில்லை என்பதை மறந்துவிடலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.