ஆலயத்தில் வாசிக்கப்பட்ட சட்டம்



வெள்ளையர், கறுப்பர் என்னும் பிரிவு ஆதிமுதல் இருந்ததென்றே பலரும் எண்ணுகிறோம். அது மனிதரால் உண்டாக்கப்பட்ட விதத்தை வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆண்டுவாரியாகக் காணலாம்.

1619 ஆம் ஆண்டு ஆப்பிரிக்கர் அங்கே கொண்டுவரப்பட்டனர். அக்காலத்தில் புகையிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் உழைத்தவர்கள் இங்கிலாந்தின் ஏழைகளே. கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். இரு சாராரும் சேர்ந்து உழைத்தார்கள். சில வேளை சேர்ந்தே தப்பி ஓடினார்கள். 1640 இல் அவ்வாறு ஓடிப் பிடிபட்ட மூவருக்கும் சவுக்கடி கிடைத்தது. அத்துடன் ஐரோப்பியர் இருவருக்கும் நான்கு ஆண்டுகள் கூடுதல் உழைப்பு. ஜான் பஞ்ச் என்னும் ஆப்பிரிக்கருக்கோ ஆயுள் முழுவதும் அடிமை வேலை.

ஞானஸ்நானம் அடிமையை விடுதலையாக்காது என்று 1667 இல் சட்டம் இயற்றப்பட்டது.

1676 இல் பேக்கன் என்பவரின் தலைமையில் கலகம் மூண்டது. பூர்வகுடிகள் மீதான பகையும் அதற்குக் காரணம். ஆயினும் வெள்ளை வேலையாட்களும் கறுப்பு அடிமைகளும் அதில் ஒன்றாக ஆயுதம் ஏந்தினார்கள். தலைநகராகிய ஜேம்ஸ்டவுன் எரிந்தது. இந்த ஒற்றுமைக்கு அஞ்சியே நிலவுடைமையாளர் நிறப்பிரிவை இறுக்கினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

1691 இல் கலப்புத் திருமணம் தடைசெய்யப்பட்டது. 1705 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த வெள்ளை ஆணுக்குத் தானியமும் பணமும் துப்பாக்கியும் தரப்படவேண்டும். அடிமைகள் வளர்த்த குதிரை, மாடு, பன்றிகளைச் சபைப் பொறுப்பாளர்கள் பறித்து விற்று, அப்பணத்தை அவ்வட்டாரத்து ஏழைகளுக்கு வழங்கவேண்டும்.

பறித்ததும் தர்மம் செய்ததும் ஒரே கை. ஏழை வெள்ளையன் தோட்ட முதலாளி ஆகிவிடவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்னும் நிறைவே அவனுக்குக் கிடைத்தது. நேற்று பக்கத்தில் நின்று உழைத்தவன் இன்று அந்நியனானான்.

இச்சட்டம் ஆண்டுக்கு இருமுறை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே வாசிக்கப்பட்டது. ஒரு போதகனாக என்னை உறங்கவிடாத செய்தி இதுவே. கலாத்தியர் 3:28 எழுதப்பட்டிருந்த வேதாகமம் அதே ஆலயத்தில்தான் இருந்தது. இரண்டையும் கேட்ட சபையார் ஆசீர்வாதம் பெற்று வீடு திரும்பினார்கள்.

பிரியமானவர்களே, கர்த்தர் பிரிக்காதவர்களை நாம் எங்கே பிரித்து வைத்திருக்கிறோம்? பிறரைத் தாழ்த்தியதால் வந்த எந்த நன்மையை அவருடைய ஆசீர்வாதம் என்று எண்ணி நன்றி செலுத்துகிறோம்? இந்த வாரம் ஜெபத்தில் இதை ஆராய்ந்து பார்ப்போம். நம் கண்களை அவர் திறந்தருள்வாராக. ஆமென்.