விசிறியின் றகரம்

நடிகரின் புகழுக்கு விசிறி வீசுபவன், ஆகவே அவன் விசிறி. இப்படியொரு விளக்கத்தை மயிலாப்பூர் மேடைகளில் பலமுறை கேட்டாயிற்று. அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. அடுத்துப் பேச வருகிறவர் இன்னும் ஒருபடி மேலே போய், விசிறி என்பதே தமிழ் அன்று, ‘வ்யஜனம்’ என்னும் வடசொல் தேய்ந்து வந்த வடிவம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். இரண்டும் பிழை. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அடுத்த தலைமுறைக்கு இவையே பாடமாகிவிடும்.

முதலாவதை இரண்டு வரியில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் ஃபேன் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. காற்றுத் தரும் ஃபேன், லத்தீனில் ‘வன்னுஸ்’ எனப்பட்ட தூற்றுக்கூடையின் வழியில் வந்தது. ஆளைக் குறிக்கும் ஃபேன், வெறிகொண்டவர் என்னும் பொருளுள்ள ‘ஃபனாட்டிக்’கின் குறுக்கம், அதன் அடி கோயிலைக் குறிக்கும் ‘ஃபானும்’. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்களங்களில் அது பரவியது. ஒலி ஒன்றானதால் நம் பத்திரிகைத் தமிழ் முதல் சொல்லை மொழிபெயர்த்து இரண்டாவதன்மேல் ஒட்டிவிட்டது. மக்கள் அதை முழுதாக ஏற்கவும் இல்லை. தியாகராய நகரில் சிவாஜி வீட்டு வாசலில் காத்து நின்றவர்கள் ரசிகர்கள். ஊருக்கு ஊர் அவர்கள் வைத்தவை ரசிகர் மன்றங்கள். ‘விசிறி மன்றம்’ என்று யாரும் பலகை மாட்டவில்லை.

இரண்டாவது கூற்றுக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

விசிறி என்பது விசிறு என்னும் வினையில் பிறந்த பெயர். இதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் விசிறுதலுக்குக் காற்று வரச்செய்தல் ஒரு பொருள். எறிதல், சுழற்றுதல் என்பனவும் உடன் நிற்கின்றன. வ்யஜனத்திலிருந்து வந்த சொல்லானால் அது காற்றோடு நின்றிருக்கும். வலையை எறிவதற்கு அந்தச் சொல் ஏன் போக வேண்டும்? ஜகரமும் னகரமும் உள்ள சொல்லிலிருந்து வல்லின றகரம் எப்படி முளைத்தது என்பதையும் அவர்கள் சொன்னதில்லை.

அந்த றகரத்தில்தான் வழக்கே இருக்கிறது. உதறு, சிதறு, குதறு, பதறு, கிளறு, உளறு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் ஒருமுறை நிகழ்ந்து ஓயும் செயல்கள் அல்ல, அடுத்தடுத்து நிகழ்பவை. துணியை ஒருமுறை ஆட்டினால் அது உதறுதல் ஆகாது. வீசு என்பது ஒரே வீச்சு. அந்த வீச்சு விட்டுவிட்டுத் தொடரும்போது விசிறு. நெடில் குறிலாவது தமிழில் புதிதன்று: சூழ்–சுழல், தூவு–துவலை, மூழ்கு–முழுகு. இடறு, தவறு ஆகியவற்றை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவற்றின் அடி வேறு. இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

அக்கம்பக்கத்து மொழிகளையும் கேட்போம். மலையாளத்தில் ‘விசறி’. கன்னடத்தில் வினை ‘பீசு’, கருவி ‘பீசணிகெ’. தெலுங்கில் வினை ‘விசுரு’, கருவி ‘விசனகர்ர’. இந்த விசனகர்ரவைக் கண்டதும் வ்யஜனக்காரர்கள் துள்ளுவார்கள். விசுரு என்ற வினை தெலுங்கில் உயிரோடு இருக்கையில் துள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. அதைவிட அருமையான செய்தி ஒன்று உண்டு: திரிகையில் மாவரைப்பதற்கும் இவ்விரு மொழிகளில் இதே வினைதான். கன்னடத்தார் திரிகையைப் பீசும் கல் என்கிறார்கள், தெலுங்கர் விசுர்ராயி என்கிறார்கள். ஆகவே இந்த வேருக்குள் தொடக்கத்திலேயே சுழற்சி இருந்திருக்கிறது. வெறும் முன்பின் அசைவு அன்று.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அடையாறு முகத்துவாரத்துக்குப் போகலாம். பட்டினப்பாக்கம் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை போடுகிறவர் வலையின் ஒரு மடியைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார், ஓரத்தில் ஒரு பிடியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார், இடுப்பைத் திருப்பி உடம்போடு சுழன்று கையை விடுகிறார். விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள் இழுக்க, வலை ஆகாயத்தில் வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுகிறது. எறிதலும் சுழற்றுதலும் அங்கே ஒரே செயல். வீச்சு என்ற சொல் அரிவாளுக்கும் பரோட்டாவுக்கும் எப்படிப் பொருந்தியது என்பதும் அந்த இடத்தில் விளங்கும்.

இனி நூல்கள். மோசிகீரனார் முரசுகட்டிலில் தூங்கிப்போனதும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவருக்குக் காற்று வீசி நின்றதும் புறநானூற்றின் 50ஆம் பாட்டு. அரசன் சாமரம் வீசினான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பாட்டில் கருவியின் பெயரே இல்லை! தோளை உயர்த்தி வீசினான் என்ற அளவோடு புலவர் நிறுத்திக்கொண்டார்; கவரியைக் கொண்டுவந்து சேர்த்தது அடிக்குறிப்பு எழுதியவர். தமிழன் முதலில் பெயரிட்டது கையின் அசைவுக்கு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கவரி என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. குறள் 969 சொல்லும் கவரிமா மான் அன்று. இமயத்தில் நரந்தம் மேயும் கவரியைப் புறநானூறே காட்டுகிறது. அது பனிமலை மாடு, அதன் வால்மயிரே சாமரம். மா என்றால் விலங்கு. ‘கவரிமான் பரம்பரை’ என்று சுவரொட்டி அடிப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கவேண்டும்.

நெடுநல்வாடை இன்னும் நுட்பமான இடம். வாடைக்காலத்தில் கம்மியன் செய்த சிவந்த ‘வட்டத்தை’ச் சுருக்கி முளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதன்மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. வேனிலில் தென்றல் தந்த மேல்மாடப் பலகணியும் அடைத்துக் கிடக்கிறது. நக்கீரர் இட்ட பெயர் வட்டம் மட்டுமே. நச்சினார்க்கினியர் உரையில்தான் அது ஆலவட்டம். சுருக்கி வைத்தார்கள் என்பதால் மடக்கு விசிறியும் அன்றே இருந்திருக்கிறது. அங்கவஸ்திரத்தின் விசிறி மடிப்பு, நாட்டிய உடையின் முன்மடிப்பு என்றெல்லாம் இன்று சொல்கிறோமே, அந்த மடிப்பின் வயது குறைவானதன்று. இதையெல்லாம் நாம் படிக்க முடிவது 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியதால். அவர் பெயரால் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் உருவான நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. மேடையேறுமுன் அங்கே ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் பல விளக்கங்கள் பிறக்காமலே போயிருக்கும்.

விசிறிக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது துருத்தி. குறுந்தொகை 172இல் ஏழு ஊர்களின் வேலைக்காக ஓர் ஊரில் அமைந்த கொல்லன் உலை வருகிறது. அதன் துருத்திக்கு அங்கே ‘மிதிதோல்’ என்று பெயர். காலால் மிதிக்கும் தோல்பை. ஓய்வே இல்லாமல் அது படும் பாட்டைத் தன் நெஞ்சுக்கு உவமையாக்குகிறாள் தலைவி. இந்தக் கருவி வீசுவதில்லை, ஊதுகிறது. அடுப்படியில் ஊதாங்குழலும் ஊதத்தான் செய்கிறது. தமிழில் இந்த இரண்டு வினைகளும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகுவதே இல்லை. திறந்த வெளியில் நிறையக் காற்றை மெல்ல நகர்த்தினால் வீசுதல். அடைத்த காற்றை அழுத்தி ஒரு வாய் வழியே செலுத்தினால் ஊதுதல்.

பொறியியலாரும் இதே கோட்டைத்தான் போடுகிறார்கள். உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தோடு வெளியே போகும் காற்றின் அழுத்தத்தை ஒப்பிட்டு, விகிதம் 1.11 வரை இருந்தால் ஃபேன், அதிலிருந்து 1.20 வரை புளோயர், அதற்கு மேல் கம்ப்ரசர் என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வகுத்திருக்கிறது. கூரையில் தொங்கும் விசிறியின் றெக்கை சாய்ந்து நிற்பதால் காற்றை அச்சின் திசையிலேயே கீழே தள்ளுகிறது; சுற்றிலும் உறை கிடையாது. புளோயரிலோ காற்று சக்கரத்தின் நடுவில் புகுந்து விளிம்புக்கு எறியப்படுகிறது, நத்தைக்கூட்டு வடிவ உறைக்குள் அடைபட்டு ஒரே வாயால் வெளியேறுகிறது. சமையலறைச் சிம்னிக்குள் இருப்பது இது. கொல்லன் கையால் சுற்றும் உலைச்சக்கரமும் இதுவே. இதற்கு மின்துருத்தி என்றே பெயரிடலாம். புதிதாக ஒன்றைக் கட்டவேண்டிய தேவை இல்லை.

துருத்திக்கும் வடமொழியில் தோல்பையைக் குறிக்கும் ‘த்ருதி’யை மூலமாகக் காட்டுகிறார்கள். திருப்பூந்துருத்தியில் தோல்பை எங்கே இருக்கிறது? ஆற்று நடுவே மேடிட்டுத் தோன்றும் திட்டும் துருத்திதான். முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது எதுவும் துருத்திக்கொண்டு நிற்கிறது என்கிறோம். காற்றேறிப் புடைத்துத் தள்ளும் தோலுக்கும் அதுவே பெயர்.

தியாகராய நகரின் குறுக்குத் தெருக்களில் இன்னும் சில வைண்டிங் கடைகள் மிஞ்சியிருக்கின்றன. பழைய சீலிங் ஃபேனின் வயிற்றைத் திறந்து வைத்தால் ஒரு வியப்பு: செம்புக்கம்பி சுற்றிய நடுப்பகுதி அசையாமல் நிற்கிறது, வெளிக்கூடுதான் றெக்கைகளோடு சேர்ந்து சுழல்கிறது. கண்டன்சர் வலுவிழந்தால் வேகம் குறையும். மெக்கானிக்குகள் சொல்வது இது: “சுத்துது சார், ஆனா காத்து தள்ளல.” சுற்றுவது வேறு, தள்ளுவது வேறு என்று பிரித்துப் பேசும் இந்தத் தமிழைக் கேட்டால் எனக்கு மனம் நிறைகிறது. கடைச்சரக்கில் 1200 மில்லிமீட்டர் ‘ஸ்வீப்’ என்று எழுதியிருப்பது றெக்கை சுழலும் வட்டத்தின் விட்டம். வீச்சு என்று தயங்காமல் எழுதலாம். 75 வாட் அளவில் தின்ற பழைய விசிறியின் இடத்தில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வந்துவிட்டது. செயல் மாறவில்லை: காற்றின் சூட்டை அது குறைப்பதே இல்லை, தோலை ஒட்டிய ஈரக்காற்றை அகற்றி வியர்வையை உலரவைக்கிறது. சென்னையின் புழுக்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

றெக்கை என்றதும் பங்கா நினைவுக்கு வருகிறது. இந்தியில் ‘பங்க்’ என்றால் சிறகு; கருவிக்கே சிறகின் பெயர். வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரிகளில் கயிறு இழுத்து ஆட்டிய பங்காவோடு அந்தச் சொல்லும் இங்கே ஓய்ந்துபோயிற்று. நாம் சிறகை உறுப்பின் பெயராக மட்டும் வைத்துக்கொண்டோம்.

தென்மாவட்டங்களில் ஃபேனைக் காத்தாடி என்பார்கள். சென்னையில் காத்தாடி என்றால் பட்டம். சென்னைக்காரர் சொல்வதுதான் சொல்லின் பொருளுக்குச் சரி. காற்றில் ஆடுவது காற்றாடி. காற்று அதை ஆட்டுகிறது. விசிறியோ காற்றை ஆட்டுகிறது. காற்றாலை முதல் வகை, சீலிங் ஃபேன் இரண்டாம் வகை. காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிப் பெயர் வைப்பதை வழக்கு என்று ஏற்கலாமே தவிர, பாடநூலில் ஏற்றக் கூடாது.

கடைசியாக ஆலவட்டம். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்குச் செய்தது திருவாலவட்டக் கைங்கரியம். வேள்வித் தீயில் தோன்றிய பெருமாளுக்கு வெப்பம் அதிகம், ஆகவே காஞ்சியிலே இந்தத் தொண்டு வாய்த்தது என்பது வைணவ மரபு. ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு பனையோலை விசிறியும் கொடுக்கிற மயிலாப்பூர் வீடுகளுக்கு இந்தச் செய்தி நன்றாகத் தெரியும். சொல்லின் பிறப்பில்தான் சண்டை. ஆலமரத்து இலை போன்ற வட்டம் என்பது ஒரு கட்சி. ஆலிலை வட்டமே அல்ல, அதோடு அந்தக் கட்சி தீர்ந்தது. பாலியின் ‘தாலவண்டம்’, வடமொழியின் ‘தாலவிருந்தம்’ தகரம் கெட்டு ஆலவட்டமாயின என்பது அடுத்த கட்சி. தாலம் என்றால் பனை, ஆகவே பொருத்தமாகத் தோன்றும். சொல்முதல் சகரம் கெடுவதைத் தமிழில் காட்டலாம்: சமணர் அமணர், சிப்பி இப்பி. சொல்முதல் தகரம் அப்படிக் கெடுவதற்கு ஒரு சொல் காட்டட்டும். தாலவட்டம் என்ற வடிவமும் தமிழில் தனியே வழங்குகிறது. இரவல் வந்தது அதுதான், ஆலவட்டம் அதன் பிள்ளை அன்று.

ஆலுதல் என்றால் ஆடுதல், மயிலின் ஆட்டம். திருச்சூர்ப் பூரத்தில் யானைமேல் நின்று வெண்சாமரத்தோடு உயர்த்திப் பிடிக்கும் ஆலவட்டம் இன்றளவும் மயில்பீலியால் ஆனது. பனையோலையில் அதைச் செய்வதில்லை. நக்கீரரின் வட்டத்துக்கு முன்னே உரைகாரர் சேர்த்த ‘ஆல’ அந்த ஆடும் மயிலிடமிருந்து வந்தது என்பதே என் துணிபு.