சக்கரத்தின் மேல் ஓர் இல்லம்

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பம் ஒன்று இரயில் நிலையத்தில் நிற்கும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீங்களே அவ்வாறு நின்றுமிருப்பீர்கள். படுக்கைச் சுருள், தண்ணீர்க் கூஜா, புளியோதரைப் பொட்டலம், குழந்தையின் தொட்டில் துணி என்று மூட்டைகள் பெருகிக்கொண்டே போகும். வீட்டில் எதனை உடன் கொண்டு செல்வது, எதனை விட்டுச் செல்வது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு விடை வைத்திருக்கிறது. வீட்டையே இழுத்துச் சென்றால் என்ன என்று எண்ணி, அவ்வெண்ணத்தை நிறைவேற்றியும் காட்டிய சிலருடைய வரலாற்றை இன்று சொல்லப் புகுகின்றேன்.

ஆங்கிலத்தில் அத்தகைய வண்டிக்குக் 'காரவான்' என்று பெயர். அது பாரசீகச் சொல்லாகிய 'கார்வான்' என்பதன் திரிபு. பாலைவழியே ஒட்டகங்களுடன் கூடிச் செல்லும் வணிகர் கூட்டத்தையே அச்சொல் முதலில் குறித்தது. நம் முன்னோர் அக்கூட்டத்தைச் 'சாத்து' என்றனர். ஆங்கிலேயரிடம் சென்ற பின்னர் அச்சொல் கூட்டத்தை விட்டு வண்டியைப் பற்றிக்கொண்டது. கூரையும் சுவரும் உடையதாய், உள்ளே மனிதர் குடியிருக்கத் தக்கதாய் அமைந்த வண்டிக்கு அதுவே பெயராயிற்று.

இங்கிலாந்தில் அத்தகைய வண்டிகளில் வாழ்ந்தவர்களுள் ரோமானி மக்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவினின்றும் மேற்கு நோக்கிச் சென்றவர்கள் என்பதற்கு அவர்களுடைய மொழியே சான்று. தண்ணீரை அவர்கள் 'பானி' என்பர். காதைக் 'கான்' என்பர். இந்தி வழங்கும் ஊர்களில் குடியேறியிருக்கும் நேயர்களுக்கு இச்சொற்களை நான் விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அவர்களுட் பெரும்பாலோர் கூடாரங்களிலேயே தங்கினர். அதன் பிறகே, சிறு அடுப்பும் கட்டிலும் பொருந்திய, வண்ணம் தீட்டிய மரவண்டிகள் அவர்களுக்கு இல்லமாயின.

அவ்வாழ்க்கையைப் பொழுதுபோக்காக மேற்கொண்டு புகழ்பெற்றவர் டாக்டர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராயிருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கு வீரசாகசக் கதைகள் எழுதியவர். பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்', அதாவது 'அலைந்து திரிவோன்', என்ற பெயருடைய வண்டியைச் செய்வித்தார். நல்ல மரத்தாலான அவ்வண்டி சாமான்களுடன் இரண்டு டன் அளவுக்கு நிறையிருந்தது. 1885ஆம் ஆண்டில் அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்தில் உள்ள டுவைபோர்டு என்னும் ஊரிலிருந்து வடக்கே உள்ள இன்வர்னஸ் வரையில் சென்றார். கடந்த தொலைவு சுமார் 1,300 மைல். வண்டியோட்டி ஒருவர், பணியாள் ஒருவர், பெரிய நாய் ஒன்று, பேசும் பறவை ஒன்று ஆகியோர் உடன் சென்ற பரிவாரம். குறுகிய சாலையில் எதிரே வண்டி வருமாயின் அறிவிப்பதற்காக, பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வாராம்! எளிய வாழ்வை நாடிப் புறப்பட்டவருக்கு எத்தனை பேர் உழைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆயினும் மறு ஆண்டில் அவர் வெளியிட்ட பயண நூல் பலருடைய ஆவலைத் தூண்டியது. 1907ஆம் ஆண்டில் காரவான் சங்கம் ஒன்று தோன்றியபோது அவர் அதன் துணைத் தலைவரானார்.

அதே 1880களில் வேறொரு செய்தியும் நிகழ்ந்துகொண்டிருந்தது. கோல்வில் என்னும் ஊரைச் சார்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பார், வண்டிகளில் வாழ்வோரின் இல்லங்களைப் பதிவு செய்து அதிகாரிகள் சோதனையிட வேண்டும் என்று பாராளுமன்றத்தில் மசோதாக்களைக் கொண்டுவரச் செய்தார். செங்கற் சூளைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காக முன்பு பாடுபட்டவர் அவர். அவருடைய நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் மருத்துவரின் வண்டியை எவரும் சோதனையிட எண்ணவில்லை என்பதும் உண்மையே. மசோதாக்கள் நிறைவேறவில்லை. நம் நாட்டிலும், டில்லி, இராஜஸ்தான் பகுதிகளில் வாழும் நேயர்கள் வண்டியே வீடாக வாழ்ந்த காடியா லோஹார் என்னும் கொல்லர் மரபினரை அறிவீர்கள். சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது தங்கள் முன்னோர் ஊரில் குடியிருப்பதில்லை என்று சபதம் பூண்டனர் என்பது அவர்கள் மரபு. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரதமர் நேரு அவர்களை அக்கோட்டைக்குள் அழைத்துச் சென்றார்.

மீண்டும் நம் வண்டிக்கு வருவோம். அது சாதாரணக் குடும்பத்தின் உடைமையாவதற்குத் தடையாயிருந்தது நிறையே. குதிரைகளையும் குதிரைக்காரரையும் ஆண்டு முழுவதும் யார் வைத்துக் காப்பது? முதல் உலகப் போர் முடிந்ததும் 1919ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்தில் ரைலி என்னும் தந்தையும் மகனும் 'எக்கிள்ஸ்' என்ற நிறுவனத்தின் வாயிலாக மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுக்கும் வண்டிகளைச் செய்து விற்கத் தலைப்பட்டனர்.

ஜெர்மனியில் அதன் தொடக்கம் மிகவும் சுவையானது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இஸ்னி என்னும் ஊரில் ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர் வாழ்ந்தார். சவுக்குகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்வது அவருடைய குடும்பத் தொழில். வியாபாரத்தின் பொருட்டு அவர் பல நாட்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. அவர் மணம்புரிய இருந்த ஃப்ரீடல் எடல்மன் ஓவியம் வரைபவர். இருவரும் சேர்ந்து செல்லவும், சென்ற இடத்தில் தாம் அமர்ந்து படம் தீட்டவும் ஏற்றதாய் ஒரு வண்டி வேண்டும் என்று அப்பெண்மணி விரும்பினார். 1931ஆம் ஆண்டில் ஆரிஸ்ட் அதனைத் தம் கையாலேயே செய்து முடித்தார். இதனைத்தான் நான் இவ்வரலாற்றின் திருப்பமாகக் கருதுகிறேன். ஸ்டேபிள்ஸ் நாட்டைக் காண வண்டி செய்தார். இவரோ பிரிவைத் தவிர்க்கச் செய்தார். பிழைப்பின் பொருட்டு ஒருவர் ஓரிடத்திலும் குடும்பம் வேறிடத்திலுமாக வாழ நேர்ந்த நேயர்களுக்கு இவ்வேறுபாடு புலப்படும்.

ஆனால் அந்நாட்டிலேயே சில ஆண்டுகளில் நாஜி ஆட்சி வந்தது. வண்டி வாழ்க்கையை உலகுக்குக் காட்டிய ரோமா மக்களை அவ்வாட்சி முட்கம்பி முகாம்களில் அடைத்தது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

இரண்டாம் போருக்குப் பின் காலம் மாறியது. ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிவகுத்த சட்டம் பிரிட்டனில் 1938ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. பெட்ரோல் பங்கீடு 1950இல் நீங்கியது. சாம் ஆல்ப்பர் என்பவர் 1949ஆம் ஆண்டில் 'ஸ்பிரைட்' என்னும் சிறு வண்டியை 200 பவுனுக்கும் குறைந்த விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறிய காரும் அதனை இழுத்தது. ஜெர்மனியிலோ இழுக்கும் வண்டியும் இழுபடும் வீடும் ஒன்றேயாயின. பென் பான் என்னும் டச்சு வணிகர் 1947இல் குறிப்பேட்டில் வரைந்த பெட்டி போன்ற ஒரு கோட்டுப் படமே, 1950இல் வோல்க்ஸ்வாகன் சிற்றுந்தாக வெளிவந்தது. பின்புறத்தில் அமைந்த அதன் எஞ்சினுக்கு 25 குதிரைத்திறனே உண்டு. மலையேறும்போது பொறுமைதான் உற்ற துணை. மறு ஆண்டில் வெஸ்ட்ஃபாலியா என்னும் பழைய வண்டிப் பட்டறையினர் அதற்கேற்ற மரச்சாமான்களைச் செய்தனர். வார நாளில் சரக்கு ஏற்றிய வண்டி, ஞாயிறன்று வீடாயிற்று.

இவ்வீட்டில் எப்படிக் குடித்தனம் செய்வது? உணவருந்தும் மேசையின் காலை மடித்து, இரு பக்கத்து இருக்கைகளுக்கும் இடையே பலகையைப் பொருத்தினால் அதுவே கட்டில். தண்ணீரைத் தகரப் பாத்திரத்தில் சுமந்து வர வேண்டும். எரிவாயு உருளையால் அடுப்பு எரியும். இழுபடும் வண்டியில் சாமான் அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு: பளுவானவை அச்சுக்கு நேர் மேலே, தரையை ஒட்டி இருத்தல் வேண்டும். பின்புறம் கனத்துவிட்டால் வேகத்தில் வண்டி வால்போல ஆடத் தொடங்கும். முன்னே செல்லும் காரையும் சாலையினின்று தள்ளிவிடும். இல்லத்தரசி பாத்திரங்களை எங்கே வைக்கிறார் என்பதில் குடும்பத்தின் உயிரே அடங்கியிருந்தது.

வண்டிகள் பெருகவே அவை நிற்கும் இடத்துக்குச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1960ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் பெற்ற நிலத்திலன்றி வண்டிகள் தங்குவதைத் தடுத்தது. காரவான் சங்கம் போன்றவற்றுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. அவற்றின் சான்று பெற்ற சிறு நிலங்களில் ஐந்து வண்டிகள் வரை தங்கலாம். தலைமுறை தலைமுறையாகத் தங்கிய நிலங்களை ரோமானி மக்கள் இழந்தனர். 1968இல் இயற்றிய சட்டம், உள்ளூராட்சி மன்றங்கள் அவர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்று விதித்தது. 1994இல் அக்கடமையும் நீக்கப்பட்டது. விடுமுறைக்கு வருபவர் நிற்கலாம், வாழ்பவர் நிற்கலாகாது என்னும் இவ்வேற்பாடு எனக்கு நேரியதாகத் தோன்றவில்லை.

அந்நாளைய சிறு வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் குடும்பங்கள் இன்று ஐரோப்பாவெங்கும் உண்டு. ஜெர்மனியில் அம்முதற் சிற்றுந்தின் உற்பத்தி 1967இல் நின்றது; அதன் வழிவந்த வண்டி பிரேசில் நாட்டில் 2013 வரையில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. பழைய தகட்டில் துரு ஏறியிருக்கும். கூரையின் இணைப்பில் மழைநீர் கசியும். அவற்றைச் சரிசெய்வதற்கே பல வார இறுதிகள் கழியும். பிறகு ஒரு கோடையில் பெற்றோரும் பிள்ளைகளுமாகப் புறப்படுவர். மேசை கட்டிலானதும் அதில் பெரியவர்கள் படுத்துக்கொள்வர். கடைக்குட்டிக்கு இடம் இராது. அதற்கும் அவ்வண்டியில் வழியுண்டு: முன்புறத்தில் இரு கழிகளைக் குறுக்கே வைத்து ஒரு துணித் தொட்டிலைக் கட்டுவர். பகலில் தந்தை அமர்ந்து வண்டி ஓட்டிய அதே இருக்கையின் மேல், இரவில் அக்குழந்தை உறங்கும்.