தேனீக்களுக்கு வரப்போர உணவு: விதைப்பந்து தயாரிப்பது எப்படி?

பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு என்பதால்தான் பீளமேடு என்ற பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. இன்று கோவை சுற்றுவட்டாரத்தில் பொங்கல் காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சந்தையில் வாங்க வேண்டியிருக்கிறது. வரப்பில் களைக்கொல்லி அடிக்க அடிக்க இந்தப் பூச்செடிகள் குறைகின்றன. அவற்றை நம்பியிருக்கும் தேனீக்களும் தோட்டத்தை விட்டுப் போகின்றன.

காய்ப்புக்கு என்ன தொடர்பு?

பூசணி, பாகல், பீர்க்கன், புடலையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டுசேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். தச்சுத்தேனீ போன்றவை பூவைப் பிடித்து ரீங்காரமிட்டு அதிரவைக்கும்போது அது நன்றாகக் கொட்டும். ஆவாரம்பூவுக்கு வருவதும் இதே தேனீக்கள்தான். பயிர் பூக்காத நாளிலும் வரப்பில் பூ இருந்தால் அவை தோட்டத்திலேயே தங்கும்.

விதைகள்

சணப்பை, எள் சீக்கிரம் பூக்கும். துளசி, தும்பை அடுத்து வரும். ஆவாரை, கொழிஞ்சி ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆவாரையை ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது. காய்ந்த செடிகளில் நீங்களே விதை சேகரிக்கலாம். பார்த்தீனியம், உண்ணிச்செடி, சீமைக்கருவேல விதை கலந்துவிடக் கூடாது.

ஆவாரை, கொழிஞ்சி விதைகளின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துச் சொரசொரப்பான தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஊறவைக்க வேண்டாம்; முளைவிடத் தொடங்கிய விதை, பந்து காயும்போது செத்துவிடும்.

செய்முறை

1. சலித்த களிப்பான செம்மண் 5 பங்கு, நன்கு மட்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் 3 பங்கு, விதைக் கலவை 1 பங்கு எடுங்கள். பச்சைச் சாணம் கூடாது. அதன் சூட்டில் விதை கெடும்.
2. உலர்வாகக் கலந்தபின் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசையுங்கள்.
3. கோலிக்குண்டு அளவில் உருட்டுங்கள். ஒரு பந்தில் மூன்று முதல் ஐந்து விதை போதும்.
4. நிழலில் இரண்டு, மூன்று நாள் காயவிடுங்கள். காய்ந்ததும் காற்றோட்டமான சாக்கில் வையுங்கள்.

ஒரு பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உடைந்தால் களிமண் போதவில்லை.

எப்போது, எங்கே?

நம் பகுதிக்கு ஐப்பசி மழைதான் முக்கியம். புரட்டாசிக் கடைசியில் வரப்பு, வேலியோரம், கிணற்று மேடு, கல்லாங்குத்து நிலங்களில் இரண்டடிக்கு ஒன்றாகப் போடுங்கள். மழை வரும்வரை எறும்பு, கோழி, குருவியிடமிருந்து மண்ணுறை விதையைக் காக்கும். ஜப்பானிய இயற்கை விவசாயி மசானபு ஃபுகுவோகா நெல்லையே இப்படி மண்ணுருண்டையில் வைத்து விதைத்தவர். உழக்கூடிய இடமென்றால் பந்து தேவையில்லை, நேரடியாகத் தூவலாம். வனப்பகுதியில் வனத்துறை அனுமதியின்றிப் போடக் கூடாது.

கவனிக்க

பல காட்டுத்தேனீக்கள் மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. வரப்பில் ஒரு பகுதியையாவது கொத்தாமல் விடுங்கள். பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து அடிப்பதைத் தவிருங்கள். வேறு வழியில்லையென்றால் தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் அடியுங்கள். பூவை வளர்த்துத் தேனீயை வரவழைத்துவிட்டுக் காலையில் மருந்தடித்தால், செய்த வேலை முழுதும் வீண்.

தேனீப் பெட்டி வைக்க விரும்புவோர் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறை நடத்தும் தேனீ வளர்ப்புப் பயிற்சியில் சேரலாம்.