'உம்ம்ம்...' - ஓர் இரைச்சலின் வரலாறு

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், அதற்கு அடுத்து பீங்கான். பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர் இது. பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே 1962ல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின் உற்பத்தி தொடங்கியது. இதுபோன்ற அனல் மின் நிலையத்தில் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 50. வீட்டில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரில் பாட்டு போடுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று கேட்கிறதே, அது இந்தச் சுழற்சியின் ஒலிதான்.

மெக்கானிக்குகள் இதை 'ஹம்மிங்' என்பார்கள். பலரும் பார்ட்ஸ் சரியில்லை என்று நினைத்து ஐ.சி.யை மாற்றுவார்கள், கெப்பாசிட்டரை மாற்றுவார்கள். இரைச்சல் போகாது. ஏனென்றால் பெரும்பாலும் குற்றம் பார்ட்ஸில் இல்லை, மின்சாரம் திரும்பிப் போகும் வழியில் இருக்கிறது. இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை.

முதலில் அவதிப்பட்டது டெலிபோன். ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒரே கம்பிதான். திரும்பும் வழியாக பூமியையே பயன்படுத்தினார்கள். மின்விளக்கும் மின்சார டிராமும் வந்தபோது அவற்றின் மின்சாரமும் அதே பூமியில் பாய்ந்தது. பல நகரங்களில் போனில் பேச்சோடு இரைச்சலும் கேட்டது. தீர்வு, திரும்புவதற்கென்று தனிக் கம்பி போடுவது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளி இரைச்சல் ரத்தாகும் என்று கிரஹாம் பெல் 1881லேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

அடுத்தது ரேடியோ. சென்னையில் 1924ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில் வால்வு செட்டுகள் பேட்டரியில்தான் ஓடின. பேட்டரியில் ஹம் கிடையாது. வால்வின் இழையை ஏ.சி. மின்சாரத்தில் சூடாக்கியபோதுதான் வினை வந்தது. 1927ல் ஆர்.சி.ஏ. வெளியிட்ட 227 என்ற வால்வில், சூடேற்றும் இழையும் எலக்ட்ரானை வெளியிடும் பகுதியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. ஹம் பெருமளவு குறைந்தது. 1947ல் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் தன் ஆம்ப்ளிஃபயர் வரைபடத்தை வெளியிட, பல நாடுகளில் ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஹம் என்பது கம்பெனிகளின் தலைவலி மட்டுமல்ல, வீட்டு மேஜையின் தலைவலியும் ஆனது.

டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் வந்த பிறகும் அது தீரவில்லை. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி அரை அடி நீளம் இருந்தால் அதன் தடை சுமார் 0.0026 ஓம். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் ரெக்டிஃபயரிலிருந்து பெரிய கெப்பாசிட்டருக்குப் பாயும் மின்சாரம் நொடிக்கு 100 முறை, திடீர் திடீரென்று பாயும். அது 4 ஆம்பியர் என்றால் அந்த அரை அடிக் கம்பியில் 10 மில்லிவோல்ட் தோன்றும். மைக் தருவதே சில மில்லிவோல்ட்தான். மைக்கின் கிரவுண்டும் அதே கம்பியில் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் சேர்த்தே பெருக்கும்.

அதனால் கண்ட வழிதான் 'ஸ்டார் கிரவுண்ட்'. ரெக்டிஃபயரும் கெப்பாசிட்டரும் தங்களுக்குள் குட்டையான, தடித்த கம்பியால் இணைய வேண்டும். கெப்பாசிட்டரிலிருந்து ஒரு கம்பி, இன்புட்டிலிருந்து ஒன்று, ஸ்பீக்கரிலிருந்து ஒன்று எனத் தனித்தனியாக ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். பெட்டியும் அங்கே ஒரே இடத்தில் மட்டும் இணைய வேண்டும். வால்யூமைக் குறைத்தால் ஹம் போகிறதா? கோளாறு வால்யூமுக்கு முன்னால். போகவில்லையா? பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளை பக்கம்.

இரண்டு கருவிகளை இணைக்கும்போது வருவது 'கிரவுண்ட் லூப்'. இரண்டும் தனித்தனியாக எர்த் ஆகியிருக்கும், நடுவே சிக்னல் ஒயர் வளையத்தை முடித்துவிடும். பெரிய ஸ்டூடியோக்களையும் இது விடவில்லை. ஒயரின் ஷீல்டை உள்ளே சர்க்யூட்டில் இணைக்காமல், நுழையும் இடத்திலேயே பெட்டியில் இணைக்க வேண்டும் என்று நீல் மன்சி விளக்கி எழுதியது 1995ல்தான்.

நம் ஊர்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. த்ரீ பின் பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. ஹம் உடனே நின்றுவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் என்றாவது பழுதானால் 230 வோல்ட் பெட்டிக்கும் மைக்குக்கும் வரும். எர்த் வழி இல்லாததால் ஃப்யூஸ் போகாது. மைக்கைப் பிடித்திருப்பவரே எர்த் ஆகிவிடுவார். இரண்டு கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் சொருகுவதும், நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும் உயிருக்கு ஆபத்தில்லாத வழிகள்.

ஃப்யூஸ் கட்டையில் பீங்கான் இருப்பது மின்சாரத்தைத் தடுக்க. ஹம் அப்படித் தடுத்து நிற்பதில்லை. ஒவ்வொரு மின்சாரத்துக்கும் திரும்பிப் போக அதற்கென்று ஒரு வழி கொடுத்தால்தான் நிற்கும்.