தேசாதிபதியின் கட்டளையும் பிரேஸ்கேர்டிலும்

மாத்தளை நாட்டார் நாடுகடத்தலை முன்னரே அறிந்தவர்கள். 1848ஆம் ஆண்டிலே தம்புள்ளையில் முடிசூடிக்கொண்ட கொங்காலேகொட பண்டா, கிளர்ச்சி முறிந்தபின் கசையடி பெற்று மலாக்காவுக்கு அனுப்பப்பட்டான். ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் அம்மலைப்புறத்தோடு தொடர்புற்ற இன்னொருவர் மீதும் அத்தகைய கட்டளை பிறந்தது. இம்முறை இலக்கானவர் தேயிலைத் தோட்டத்தில் துரைத்தொழில் பயில வந்த இருபத்துநான்கு வயது ஆங்கிலேயர்!

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1912இல் லண்டனிற் பிறந்தவர். இளமையில் அவுஸ்திரேலியா சென்று, அங்கு இளங் கம்யூனிஸ்டுகளின் சங்கத்திற் சேர்ந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து, மாத்தளைக்கு அண்மையில் மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் அமர்ந்தார். துரை எதிரே வந்தால் தொழிலாளி தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் அது. அவ்விடத்தில் ஒரு வெள்ளையர் தொழிலாளர் பக்கம் பேசத் தொடங்கினால் தோட்டத்தில் நீடித்திருத்தல் ஏது? அவர் விலக்கப்பட்டார், அதன்பின் சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டியிற் கூடிய கூட்டத்திற்குத் தோட்டத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வந்திருந்தனர். இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயரும் அங்கே உரையாற்றினார். பிரேஸ்கேர்டில் பேச எழுந்தபோது 'சாமி, சாமி' என்ற முழக்கம் எழுந்ததாம். துரைமாரை நடுங்கச் செய்தது அந்த ஒரு சொல்லே எனலாம். வெள்ளைத் தோலுக்குரிய அச்சம் அன்று மேடையிலே கலைந்து போயிற்று.

ஏப்ரல் 22ஆந் திகதி தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டைவிட்டு நீங்குமாறு அவருக்குக் கட்டளையிட்டார். அவரோ தலைமறைவானார். மே 5ஆந் திகதி அரசாங்க சபை, தேசாதிபதியின் செயலைக் கண்டிக்கும் பிரேரணையை 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அன்றே காலிமுகத்திடலிற் பெருங்கூட்டம் கூடிற்று. பொலிசார் தேடித்திரிந்த மனிதர் அதன் மேடையிற் தோன்றினார்! சில நாட்களில் அவர் கைதாக, எச். வி. பெரேரா என்னும் பெரும் வழக்கறிஞர் ஊதியம் பெறாது வழக்காட முன்வந்தார்.

தேசாதிபதி துணைக்கொண்டது 1896ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்று. போர், கலகம் போன்ற நெருக்கடிக்கென இயற்றப்பட்ட அவ்வதிகாரத்தை அமைதிக்காலத்தில் ஒருவருடைய பேச்சை அடக்கப் பயன்படுத்தலாகாதென, பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் மே 18ஆந் திகதி தீர்ப்பளித்தது. தேசாதிபதியும் சட்டத்திற்கு உட்பட்டவரே என்பது வெளிப்பட்டது. விடுதலையுற்ற பிரேஸ்கேர்டில் பின்னர் தாமாகவே இலங்கையை விட்டகன்றார், 1999இற் காலமானார்.

நாவலப்பிட்டியில் அவரைச் 'சாமி' என்று அழைத்தவர்களின் கதை வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவராயினர். அவர்களுட் பலர் அந்நாட்டை அதற்குமுன் கண்டதேயில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.