வெட்டுத்துணிக்கும் ஒரு வரலாறு உண்டு

எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு குட்டித் தலையணைகள் கிடக்கின்றன. அம்மா தைத்தது. ஒன்றில் அக்காவின் சுடிதார் துணி, இன்னொன்றில் நாலைந்து ஜாக்கெட்டில் மிஞ்சிய துண்டுகள். ஊடே ஒரு நீலக் கட்டம் என் பழைய யூனிபார்ம் :-)

"இந்தப் பழக்கம் உங்க காலத்துலயும் இருந்துச்சா அப்பாயி?" என்று கேட்டேன். அப்பாயி சிரித்துவிட்டது. "எங்க ஆத்தா காலத்துல வெட்டுத்துணி ஏதுடா? வெட்டுனாத்தானே மிஞ்சும்!"

இந்த ஒரு பதிலில் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

யோசித்துப் பாருங்கள். சேலை, வேட்டி, துண்டு எல்லாமே தறியிலிருந்து அறுத்து எடுத்து அப்படியே உடுத்துபவை. 'துணி' என்ற சொல்லே துணிப்பது, அதாவது வெட்டுவது என்பதிலிருந்து வந்தது. துணிக்குச் சங்க காலத்தில் 'அறுவை' என்றும் ஒரு பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார், ஜவுளி வியாபாரி! ஆனால் அந்த வெட்டு தறியோடு முடிந்துவிடும். அதன்பிறகு கத்தரிக்கு வேலை இல்லை. சேலை பழசானால் தூளி, அப்புறம் கைப்பிடித் துணி, கடைசியில் விளக்குத் திரி. மிச்சம் என்று எதுவும் கிடையாது.

அப்படியானால் தமிழர்களுக்குத் தையலே தெரியாதா? தெரியும். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்கள் 'மெய்ப்பை' போட்டிருக்கிறார்கள். உடம்புக்குப் பை, அதாவது சட்டை! சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் 'துன்னகாரர்' என்ற தையல்காரர்கள் வருகிறார்கள். ஆனால் சாதாரண ஜனங்களின் அன்றாட உடை தைக்காத உடைதான்.

துண்டுத்துணியை அழகாக ஒட்டித் தைக்கும் கலை வேறொரு இடத்தில் வளர்ந்தது. கோயிலில்! தேரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் உருளை உருளையாகத் தொங்குமே, அதற்குத் தொம்பை என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளை யாளி, மயில், தாமரை என்று வெட்டி, அடித்துணி மேல் வைத்துத் தைப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வேலை இது. எங்கள் ஆவுடையார்கோவிலுக்கு இது ஒன்றும் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆகும்வரை, அறந்தாங்கிப் பகுதியும் எங்கள் ஊரும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தன.

எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் கொடுங்கையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கல்லிலேயே மரச்சட்டமும் ஆணியும் செதுக்கிய அதிசயம் அது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் தேரில் ஆடும் துணியைத் தைத்தது யார் என்று கேட்பவர் குறைவு. கல் நிற்கிறது. துணி சில வருஷத்தில் கிழிந்து போகிறது, அதோடு தைத்தவரின் ஞாபகமும்.

சரி, தையல் எப்படி வீட்டுக்குள் வந்தது? ரவிக்கை வழியாக. ரவிக்கை இன்று சாதாரணம். அன்று அப்படியில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தென் திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்போம். 1859 ஜூலை 26-ல்தான் மன்னரின் ஆணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை! பெண்ணின் தோளில் ஏறிய தைத்த துணிக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

அடுத்து வந்தது மெஷின். 1846-ல் எலியாஸ் ஹோவ், 1851-ல் ஐசக் சிங்கர் என்று அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். இயந்திரங்களை அவ்வளவு விமர்சித்த காந்தியே 1924-ல் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். 1935-ல் கல்கத்தாவில் தொடங்கிய தொழிற்சாலை, உஷா மெஷினை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. தமிழக அரசும் விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் போன்றோருக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்த மிதிகட்டையால்தான்.

மெஷின் வந்ததும் மிச்சமும் வந்தது. கழுத்து, கைக்குழி எல்லாம் வளைவு வெட்டு. வளைவாக வெட்டினால் ஓரத்தில் பிறைப் பிறையாகத் துண்டு விழும். அது இன்னொரு உடைக்கு ஆகாது, தலையணைக்கு ஆகும். அம்மா செய்வது இவ்வளவுதான்: ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, முதலில் வரிசை வரிசையாக இணைக்கும். பிறகு வரிசைகளைச் சேர்த்து உறை. உள்ளே இலவம்பஞ்சு. அதுவும் தீர்ந்தால், சதுரத்துக்கும் ஆகாத பொடித்துணியே பஞ்சு!

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓடுதையல் போட்டால் அதற்குக் காந்தா என்று பெயர், மியூசியத்தில் மரியாதை. எங்கள் அம்மா தைத்தால் "சும்மா வெட்டுத்துணி" என்கிறோம். அம்மாவே அப்படித்தான் சொல்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தேரில் ஆடுவதும் திண்ணையில் கிடப்பதும் ஒரே வேலைதான். துண்டை வீணாக்காமல் துண்டோடு சேர்ப்பது. இரண்டிலும் தைத்தவர் பெயர் இல்லை. தேருக்கு இனி என்னால் பெயர் கண்டுபிடிக்க முடியாது. அதனால் போன வாரம் அம்மாவிடம் ஒன்று கேட்டேன், தலையணையின் மூலையில் பெயரைத் தைக்கச் சொல்லி. "போடா, வேற வேலை இல்ல" என்றது. நேற்று பார்த்தேன், பின்பக்க மூலையில் சிவப்பு நூலில் சின்னதாக முதல் எழுத்து!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தலையணையோ மிதியடியோ கிடக்கும். எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்ப வரலாறு அதில் கொஞ்சம் இருக்கும்.